ஆடாத நான்கு

ஒயர்களைச் செருகும் மூன்றாவது கார்டில் ஏழாவது இடமும் எட்டாவது இடமும் காலியாக இருந்தன. அவற்றில்தான் சண்முகவடிவை இணைக்க வேண்டும்.

எப்சிபா ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு இடங்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமாகச் செய்கிற வேலைதான். டேங்கின் அழுத்தம், குழாயின் குளிர், பம்ப்பின் வேகம் என்று கடலை ஒட்டிய அந்த அமோனியா முனையத்தில் அளக்க முடிந்ததெல்லாம் ஒரு ஜோடி ஒயராக இந்த ரேக் ரூமுக்கு வந்து சேரும். ஒவ்வொரு ஜோடிக்கும் அவள் ஓர் எண் கொடுப்பாள், ஒரு பெயர் கொடுப்பாள், எது அதன் அடி, எது அதன் உச்சி என்று சொல்லிவைப்பாள். அதன் பிறகுதான் அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே சிஸ்டத்துக்குத் தெரியும். இதுவரை அவள் பெயர் கொடுத்த எதற்கும் முன்பே ஒரு பெயர் இருந்ததில்லை.

"ஏழு உள்ள வர்றதுக்கு, எட்டு வெளிய போறதுக்குங்க மேடம்" என்றான் பூபதி. சண்முகவடிவின் கழுத்துப் பட்டையைச் செய்த கோயம்புத்தூர் கம்பெனியின் ஆள். முப்பது வயது இருக்கும். எதைச் சொன்னாலும் பாதி மன்னிப்புக் கேட்கிற குரல். "அக்கா உடம்புல இருந்து வர்றது ஏழுல வரும். சிஸ்டம் அக்காவுக்குக் குடுக்கறது எட்டுல போகும்."

சிஸ்டத்துக்கு உள்ளே என்பது மனுஷிக்கு வெளியே என்று நினைத்துக்கொண்டாள் எப்சிபா. ஒயரின் முனையைச் சீவி ஏழில் செருகி முறுக்கினாள், அடுத்ததை எட்டில்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம். எட்டுத் திரைகளுக்கு முன்னால் வடிவு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தேழு வயது, நரையை மறைக்காத தலை, சீருடைச் சட்டைக்கு மேலே காதுக்குக் கீழே கழுத்தில் ஒட்டியிருந்த தோல்நிறப் பட்டை. மேசையிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஏட்டி எப்சிபா, ஏழு வந்துட்டு. நாலு காட்டுது. நாலு புள்ளி பூஜ்யம் ரெண்டு, மூணு புள்ளி ஒம்பது ஒம்பது, நாலு புள்ளி பூஜ்யம் ஒண்ணு. நல்லாத்தான் இருக்கேன் போல."

"சரிக்கா. குறிச்சுக்கிட்டேன்."

இங்கே எந்த அளவும் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. ஒயரில் நான்கு மில்லியாம்பியரில் தொடங்கி இருபதில் முடியும். பூபதி அதை வடிவிடம் காலையிலேயே விளக்கியிருந்தான், அவள் பத்தொன்பது வருஷமாக அதே எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்பதை மறந்து.

"நீங்க நிம்மதியா இருந்தா நாலுங்க்கா. பதற்றத்தோட உச்சின்னா இருபது. பூஜ்யம் வந்துச்சுன்னா பட்டை கழண்டு போச்சு, இல்ல ஒயர் அறுந்து போச்சுன்னு அர்த்தம்."

"நான் செத்துப்போனா?"

"அதுவும் பூஜ்யந்தானுங்க்கா."

"பரவால்லயே. ஒயரு அந்தாலும் நான் போனாலும் சிஸ்டத்துக்கு ஒண்ணுதான்" என்று சிரித்தாள் வடிவு.

போன வாரம் சோதனைக்காக, தற்காலிக இணைப்பில், அந்தப் பட்டையை ஏழு நாள் அணிந்திருந்தாள். மதுரையில் படிக்கும் மகள் ஒரு நாள் ஃபோனில் சண்டை போட்டபோது எண் ஒன்பதுக்கு ஏறி, சிஸ்டம் இரண்டு பம்ப்களின் வேகத்தைக் குறைத்துவிட்டது. கப்பலில் சரக்கோடு காத்திருந்தவர்கள் காரணம் கேட்டார்கள். "எம் மவ கோவிச்சுக்கிட்டான்னு எழுதிக் குடுங்க" என்றாள் வடிவு. எட்டாவது சேனல் அதற்காகத்தான் வந்தது. தேவையில்லாத பதற்றம் எழும்போது பட்டை கழுத்து நரம்புக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து அவளை அடக்கும். ஆபத்து வந்தால் மட்டும் அதையும் மீறி அவள் உடம்பு சிலிர்க்கும் என்பது கம்பெனியின் கணக்கு.

அந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு காலையின் மேல் நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பதினொன்று இருபதுக்கு வடிவு நாற்காலியை விட்டு எழுந்து எமர்ஜென்சி பட்டனை அடித்தாள். திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. வேலிக்கு அருகிலிருந்த வாயு அளவி நான்கு நிமிஷம் கழித்துத்தான் கத்தியது. அந்த நான்கு நிமிஷத்தால் உப்பளத்துக்கு அந்தப் பக்கமிருந்த இரண்டு குடியிருப்புகள் தப்பின. விசாரணைக் குழு அவளிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, "வயிறு என்னமோ பண்ணுச்சு" என்றாள். அந்த ஒரு வாக்கியம் இப்போது கம்பெனியின் விளம்பரத் தாளில் அவள் படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கிறது. கருவிக்கு முன்பே அறியும் உடம்பு. இங்கே சரியாக நடந்தால் இன்னும் பன்னிரண்டு முனையங்களில் பன்னிரண்டு பேர் கழுத்தில் பட்டை ஏறும்.

தப்பாதவன் சேவியர் ஒருவன்தான். பம்ப் பகுதியில் சுற்றிவந்து பார்க்கிற ஆள். பதினொரு வருஷம் வடிவின் வாக்கி டாக்கியில் குரலாக இருந்தவன்.

பம்ப்களுக்கு மிக அருகில் இருந்தது பதினான்காம் எண் வாயு அளவி. அது ஏன் கத்தவில்லை என்று குழு கேட்டது. காற்று எதிர்ப்பக்கம் அடித்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து எழுதியது. கருவியைக் கழற்றிச் சோதித்தார்கள், நன்றாக வேலை செய்தது.

நன்றாகத்தான் வேலை செய்தது என்று எப்சிபாவுக்குத் தெரியும். அன்று காலை ஒன்பதே முக்காலுக்கு அவள்தான் அதைச் சோதித்தாள். கருவியின் வாயில் சோதனை வாயுவைக் காட்டினால் எச்சரிக்கை எழுந்து முனையமே நின்றுபோகும். அதனால் முதலில் சிஸ்டத்தில் அந்த சேனலை நான்கில் ஃபோர்ஸ் செய்துவைப்பார்கள். வெளியே என்ன நடந்தாலும் உள்ளே நான்கு என்றே தெரியும். வேலை முடிந்ததும் ஃபோர்ஸை எடுத்துவிட வேண்டும். அவள் சோதனையை முடித்தாள், கருவியை மூடினாள், அப்போது வேறு ஒரு குழாயில் அளவு தப்பாகக் காட்டுகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள். அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் வாசலில் ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் மட்டும் ரேக் ரூமுக்குள் வந்து ஃபோர்ஸை எடுத்தாள். அந்தப் பழைய சிஸ்டம் யார் எப்போது எடுத்தார்கள் என்று எழுதிவைக்காது.

அந்தக் கணம் அவளுக்குள் தினமும் ஒரு முறையாவது நடந்தது. பல் தேய்க்கும்போது, கோவிலில் முழங்காலிடும்போது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது. விரல் ஒரு விசையை அழுத்தும், திரையில் நின்றிருந்த எண் லேசாக அசையும், அவள் திரும்பி நடப்பாள். சொல்லிவிடுவதற்குச் சரியான நாள் ஒன்று இருந்தது. அது அந்த நாள்தான். அடுத்த நாள் அது கொஞ்சம் கடினமானது. பிறகு வடிவுக்கு விருது கொடுத்தார்கள், கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பொய் அவளுடையதாக மட்டும் இல்லாமல் போயிற்று.

*

லூப் செக் பதினோரு மணிக்குத் தொடங்கியது. எந்தக் கருவியானாலும் முறை ஒன்றுதான். அடி, கால், அரை, முக்கால், உச்சி என்று ஐந்து படிகளில் அளவை ஏற்ற வேண்டும், அதே ஐந்து படிகளில் இறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் திரையைப் பார்த்து வாக்கி டாக்கியில் சொல்வார், ரேக் ரூமில் இருப்பவர் தாளில் குறிப்பார். அழுத்தக் கருவிக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுக்கலாம். மனுஷிக்கு என்ன கொடுப்பது என்பதற்குப் பூபதி ஒரு பட்டியல் வைத்திருந்தான்.

கால் பங்குக்குத் திடீரென்று ஒரு மணி அடித்தான். எண் எட்டைத் தொட்டது. அரைக்கு, அவள் மகள் வழக்கமாகக் கூப்பிடும் நேரத்தில் கூப்பிடவில்லை என்று நினைத்துப் பார்க்கச் சொன்னான்.

"பாவி. பதினொண்ணே முக்கால்ட்டி எப்சிபா" என்றது வாக்கி டாக்கி. "இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆவலன்னு நினைக்கேன்."

"ஏனுங்க்கா?" என்றான் பூபதி, எப்சிபாவின் வாக்கி டாக்கியில் குனிந்து.

"ஆயிருந்தா அரைக்கு இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டீய. வீட்டுக்கு எப்ப வாரீயன்னு கேட்டாலே போதும்."

பூபதி காது சிவக்கச் சிரித்தான். முக்காலுக்கு எமர்ஜென்சி சங்கை ஒலிக்கவிட்டான். பதினைந்து புள்ளி எட்டு. பிறகு அவன் சிரிப்பு நின்றுவிட்டது. எப்சிபா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

"உச்சிக்கு அன்னிக்கு வாக்கியில பதிவானதைப் போடணும் மேடம். அக்காவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

வேண்டாம் என்று சொல்ல எப்சிபாவுக்கு வாய் வந்தது. அதற்கான காரணம் கேட்டால் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

சேவியரின் குரல் கண்ட்ரோல் ரூமில் எழுந்து, வடிவின் திறந்திருந்த வாக்கி டாக்கி வழியாக ரேக் ரூமுக்கும் வந்தது. மூச்சு வாங்கிய குரல், பயந்த குரல் அல்ல. *வடிவு, இங்க வெள்ளையா வருது. பதினாலு சத்தமே போடலியே.* அப்புறம் இருமல். அப்புறம் வெறும் கரகரப்பு.

எப்சிபா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வடிவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கை மடியில். திரையைப் பார்த்துத் தன் எண்ணைத் தானே படித்தாள்.

"பத்தொம்பது புள்ளி ஆறு."

"குறிச்சுக்கிட்டேங்க்கா."

"இப்ப இறக்கணுமுங்க" என்றான் பூபதி.

இறங்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், கண்ணை மூடச் சொன்னார்கள், ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் ஆயிற்று. பதினான்குக்கு வந்து அங்கேயே நின்றது. ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை. பழைய கருவிகளில் எப்சிபா பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்டவற்றின் தாளில் தேறவில்லை என்று எழுதிக் கழற்றி அனுப்பிவிடுவாள்.

"இதுக்குத்தாங்க எட்டு" என்றான் பூபதி. எட்டாவது சேனலைத் திறந்தான்.

எண் விழுந்தது. பதினொன்று, எட்டு, ஐந்து. நான்கு. வடிவின் தோள்கள் தளர்ந்தன. முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது போலவும் இருந்தது, ஏதோ ஒன்று ஓய்ந்தது போலவும் இருந்தது. சேவியரின் பதிவைப் பூபதி மறுபடி போட்டான். இருமல் அறை முழுவதும் கேட்டது. அவள் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்து மேசையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள்.

"சேவியர் எப்பவுமே கொஞ்சம் தாமசமாத்தான் சொல்லுவான்" என்றாள், மழையைப் பற்றிச் சொல்வது போல. ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டார்கள்.

*

சாப்பாட்டு நேரத்துக்குப் பூபதி எட்டை நிறுத்திவிட்டு கேண்டீனுக்குப் போனான். எப்சிபா கண்ட்ரோல் ரூமுக்கு வந்தாள். வடிவு டிபன் பாக்ஸைத் திறக்காமல் அதன் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் ஏழாவது சேனல் பதின்மூன்று, பதின்மூன்றே கால் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றாள் எப்சிபா. அடுத்த வார்த்தையை அவள் இரண்டு வருஷமாகத் தேடியிருந்தாள். வந்தது மிகச் சாதாரணமான வார்த்தை. "பதினாலை அன்னைக்கு நான் ஃபோர்ஸ் பண்ணிருந்தேன். எடுக்க மறந்துட்டேன்."

வடிவு திரும்பவில்லை. எப்சிபா திரையைப் பார்த்தாள். தன்னை அறியாமல்தான் பார்த்தாள், அது அவமானமாக இருந்தது. எண் ஏறவில்லை.

"தெரியும்ட்டி."

வெளியே ஒரு டேங்கர் பின்பக்கமாக நகரும் ஓசை கேட்டது.

"ஒயரு உயிரோட இருந்தா நம்பரு ஆடும்லா? நாலுன்னாலும் நாலா நிக்காது, ஒரு பொட்டு மேல ஒரு பொட்டு கீழ அலையும். அன்னைக்குப் பத்து மணிக்குப் பாக்கேன், பதினாலு ஆடல. நாலு புள்ளி பூஜ்யம் பூஜ்யம். கல்லு மாதிரி நிக்கு. எப்சிபா ஏதோ வேலை பாக்கான்னு நினைச்சேன்."

"ஏங்க்கா சொல்லல? அவங்க கேட்டப்பவாவது…"

"என்னன்னு சொல்ல?" வடிவு இப்போது திரும்பினாள். "பத்து மணில இருந்து பதினொண்ணு இருவது வரைக்கும் அதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்னா? வாக்கிய எடுத்து, எப்சிபா, பதினாலு ஆடாம நிக்கு, ஏதும் வேலை பாக்கியான்னு ஒரு வார்த்தை. அத்தோட முடிஞ்சிருக்கும். டீ குடிச்சிட்டுக் கேப்போம்னு நினைச்சேன். வேலை பாக்கவள எதுக்குத் தொந்தரவு பண்ணனும்னு நினைச்சேன். போன தடவை நான் கேட்டப்ப நீ வள்ளுன்னு விழுந்த, அதும் ஞாபகத்துல இருந்துச்சு."

எப்சிபாவுக்கு அந்தப் போன தடவை நினைவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பதினொண்ணு இருவதுக்கு சேவியர் பம்ப் பக்கம் போறேன்னான். அங்க பதினாலு குருடா இருக்குன்னு எனக்குத் தெரியும். எந்திரிச்சேன். கை பட்டனுக்குப் போயிட்டு. அதுக்கப்புறந்தான் அவன் வெள்ளையா வருதுன்னான். வயிறு பண்ணுனது கேஸுக்கு இல்லட்டி. கேக்காம இருந்ததுக்கு."

இரண்டு வருஷம் ஒரே கண்ணாடிச் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, தன்னுடையதுதான் முழுக் குற்றம் என்று ஆளுக்கொன்றைச் சுமந்திருக்கிறோம் என்று எப்சிபாவுக்குத் தோன்றியது. பகிர்ந்துகொண்டதில் பாரம் பாதியாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

"தாளுல எழுதப் போறேங்க்கா" என்றாள். "நான் எழுதுனா இது நின்னுரும். பன்னெண்டு பேரு கழுத்துல ஏறாது."

"எழுது."

"எட்டும் போயிரும்."

வடிவு டிபன் பாக்ஸின் மூடியைத் தடவினாள். "அந்த அரை மணி நேரம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாட்டி? ரெண்டு வருசத்துல மொத தடவையா அவன் இருமலுக்கு நான் எந்திரிக்கல." மூடியிலிருந்து கையை எடுத்தாள். "இப்பக் கேட்டா எழுதுன்னு சொல்லுதேன். எட்டைத் திறந்துட்டுக் கேட்டின்னா என்ன சொல்லுவேன்னு தெரியல. ரெண்டுல எவ நானுன்னு உன் தாளுல எங்க எழுதுவ? போ. அந்தத் தம்பி வாராரு. உன் வேலையப் பாரு."

*

இரண்டு மணிக்குப் பூபதி எட்டை மறுபடி திறந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வடிவின் கை மடியிலிருந்து மேசைக்கு வந்தது. அவள் பொறுமையாகத் திரைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள், எந்த நாளும் செய்கிற மாதிரி.

"பாருங்க மேடம், எவ்வளவு சுத்தமா இருக்குன்னு" என்றான் பூபதி. ஏழாம் சேனலின் கோடு பென்சிலால் அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஓடிக்கொண்டிருந்தது. "கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் சாயங்கால ரயிலைப் பிடிச்சிருவேங்க."

லூப் செக் தாள் எப்சிபாவின் முன்னால் இருந்தது. ஏறும் ஐந்து எண்கள். இறங்கும் ஐந்து கட்டங்களில் மூன்று காலி. அடியில் குறிப்பு என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் அவள் பதினாறு வருஷத்தில் ஒயர் தளர்வு, ஈரம், சரி என்பவற்றுக்கு மேல் எழுதியதில்லை. பேனாவை வைத்தாள். தேதி எழுதினாள், இன்றைய தேதியை அல்ல. அதற்கு மேல் கை நகரவில்லை. எழுதினால் சிறை என்பதல்ல. அங்கே ஒருத்தியால் பிஸ்கட் சாப்பிட முடிகிறது. அதை அவளிடமிருந்து பறிக்கத் தனக்கு என்ன உரிமை என்பதுதான். எழுதாமல் விட்டால் அதைக் கருணை என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியும். அப்படித் தன்னிடம் சொல்லிக்கொள்ள எத்தனை முறை முடிந்திருக்கிறது என்றும் அவளுக்குத் தெரிந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

வடிவின் குரல் தட்டையாக இருந்தது, அதில் வருத்தம் இல்லை, அவசரமும் இல்லை. பத்தொன்பது வருஷம் திரை பார்த்த ஒருத்தி, கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொன்னாள்.

"எப்சிபா, ஏழு ஆடாம நிக்கு. ஏதும் வேலை பாக்கியா?"

பூபதி சிரித்தான். "அது அப்படித்தான் நிக்கணுமுங்க்கா" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். அங்கே கேட்காது.

எப்சிபா வாக்கி டாக்கியை எடுத்தாள். பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள்.

"ஆமாக்கா. இங்கதான் இருக்கேன். பாக்கேன்."

எழுந்து மூன்றாவது கார்டுக்குப் போனாள். எட்டாவது ஒயரின் திருகைத் தளர்த்தி, அதை வெளியே இழுத்தாள். பிறகு மேசைக்குத் திரும்பி, பூபதி என்னவோ கேட்டுக்கொண்டிருக்கையில், தேதிக்குப் பக்கத்தில் ஒன்பதே முக்கால் மணி என்று எழுதினாள். பதினான்காம் சேனல் என்று எழுதினாள். நான் என்று எழுதினாள்.

அவள் அந்த வரியை முடிப்பதற்குள் வாக்கி டாக்கியில் ஒரு மூச்சு கேட்டது.

"ஆடுதுட்டி" என்றாள் வடிவு.

"குறிச்சுக்கிட்டேங்க்கா" என்றாள் எப்சிபா.